நாச்சிமுத்துவின் எடை

ஒரே மாதத்தில் ஒரு மனிதர் இருபத்தாறு கிலோ கூடிவிட்டதாக என் கையாலேயே எழுதினேன். ஐம்பத்தாறு, ஐம்பத்தாறு, ஐம்பத்தேழு, ஐம்பத்தாறு என்று ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த அட்டையில் அன்றைக்கு எண்பத்திரண்டு. எழுதி முடித்ததும் தலையைக்கூட நிமிர்த்தாமல் "அடுத்தது யாருப்பா?" என்று கூப்பிட்டேன்.

எழுபதுகளின் கடைசி. மெட்ராஸில் ஓர் அரசு ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் நான் நர்ஸ். வியாழக்கிழமை வெளியூர்க்காரர்களுக்கான நாள். நான்கு நர்சுகளுக்கு இடம் உண்டு, இருந்தது இரண்டு பேர், அதில் ஒருத்தி பிரசவத்துக்குப் போயிருந்தாள். நோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பார்த்து வர ஒரு சமூகப் பணியாளர் வேண்டும். அவருக்கென்று போட்ட நாற்காலியில் மூன்று வருடமாக ஒரு மேஜை விசிறிதான் உட்கார்ந்திருந்தது. ஜீப்பும் இருந்தது, டீசலுக்குத்தான் உத்தரவு வரவில்லை. இரவு வேலை முடிந்த கையோடு பகல் வேலையும் பார்த்துப் பார்த்து, அந்த நாட்களில் நான் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கப் பழகியிருந்தேன்.

டாக்டர் அந்த எண்பத்திரண்டைப் பார்த்து முகம் மலர்ந்துபோனார். "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டார். "நல்லாருக்கறேனுங்க" என்றார் எதிரே இருந்த பெரிய மனிதர். இரண்டு வருடமாக அந்த அட்டையில் இதே பதில்தான். அதை நம்பித்தான் மூன்று மாத்திரையை இரண்டாக்கி, இரண்டை ஒன்றாக்கியிருந்தோம். அன்றைக்கு அந்த ஒன்றையும் நிறுத்தி, அட்டையை மூடிவிட்டார் டாக்டர். ஒரு அட்டை மூடினால் எங்களுக்குச் சந்தோஷம். மாத்திரை எப்போதும் மாதக் கடைசி வரை வராது. நாச்சிமுத்துவுக்கு நிறுத்தியது வேறொருவருக்கு ஆகும்.

அந்த மனிதர் கிளம்பும்போது என்னைக் கும்பிட்டு, "அப்ப நாச்சிமுத்துகிட்டச் சொல்லீர்றேனுங்க" என்றார். நான் அடுத்தவருக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது சாயங்காலம் விடுதியில் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தபோதுதான் என் காதில் ஏறியது. பிசைந்த கை அப்படியே நின்றுவிட்டது.

மறுநாள் காலையில் பழைய அட்டைகளைப் புரட்டி நாச்சிமுத்துவின் முதல் பக்கத்தைப் படித்தேன். விசைத்தறித் தொழிலாளி, வயது முப்பத்திரண்டு, கிணற்றிலிருந்து தூக்கி எடுத்துக் கொண்டுவந்தார்கள் என்று, எனக்கும் டாக்டருக்கும் முன்னால் இங்கே இருந்த யாரோ எழுதியிருந்தார்கள். டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டி, அந்த மனிதர் போகும்போது சொன்னதையும் சொன்னேன். அவர் முதல் பக்கத்தையும் அந்த எண்பத்திரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"அப்போ இத்தனை நாளா நான் யாருக்கு வைத்தியம் பார்த்தேன் சிஸ்டர்?" என்றார். "மூடின அட்டையைத் திறக்கணும்னா ஆளை நேரில் பார்க்கணும். போய்க் கூட்டிட்டு வர என்கிட்ட யாரு இருக்கா?"

"நான் போறேன் சார்."

"நீங்க போனா இங்க யாரு இருக்கா?"

கடைசியில் திங்கள், செவ்வாய், புதன் என்று மூன்று நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தார். வியாழக்கிழமை காலையில் நாச்சிமுத்துவோடு நான் திரும்பியிருக்க வேண்டும். என் பயணம் தொடங்கியது இப்படித்தான். ஊர் பார்க்கப் போனவள் அல்ல நான். ஆனாலும் பார்க்காமல் வர முடியவில்லை.

திங்கட்கிழமை காலையில் சேலம். ஆடி மாதக் காற்று ரயிலடியிலேயே முந்தானையைப் பிடித்து இழுத்தது. நான் தூத்துக்குடிக்காரி, காற்றுக்குப் புதியவள் இல்லை. ஆனால் எங்கள் ஊர்க் காற்றில் உப்பு இருக்கும், இந்த ஊர்க் காற்றில் புழுதியும் மாரியம்மன் பாட்டும்தான். தெருவுக்குத் தெரு ஒலிபெருக்கி. கோயில் நோன்புக்காக ஊரே மஞ்சள் பூசிக்கொண்டு நடமாடியது. ஒரு கிளப்புக் கடையில் நான்கு இட்லியும் காரமான கொத்தமல்லிச் சட்னியும் சாப்பிட்டேன். பரிமாறியவர் "இன்னொண்ணு வெச்சுக்கங்க, வெச்சுக்கங்க" என்று உபசரித்த விதத்தில் கல்யாண வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்று சந்தேகம் வந்தது. இந்தப் பக்கத்தில் எதற்கும் ஒரு 'ங்க' சேர்த்துக்கொள்கிறார்கள். வண்டிக்காரர் மாட்டுக்கும் ஒன்று போடுவாரோ என்று காது கொடுத்துக் கேட்டேன். மாட்டுக்கு மட்டும் போடவில்லை.

சேலத்தில் எனக்கு ஒரு வேலை இருந்தது. அங்கே ஓர் அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு திறந்திருப்பதாக மூன்று வருடத்துக்கு முன் எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் வந்திருந்தது. நாச்சிமுத்துவை அங்கேயே பார்த்துக்கொள்ளச் சொன்னால் இந்த அலைச்சலே வேண்டாமே என்று நினைத்தேன். கட்டடத்தைச் சுற்றிக் கொண்டுபோய் விட்டார்கள். பச்சை நிறப் பலகையில் வெள்ளை எழுத்தில் 'மனநோய்ப் பிரிவு, திங்கட்கிழமை தோறும்' என்று இருந்தது. கதவில் பூட்டு. ஆனால் கதவுக்கு எதிரே இருந்த இரண்டு பெஞ்சிலும் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"டாக்டர் எப்போ வருவார்?" என்று வாட்ச்மேனைக் கேட்டேன்.

"வரமாட்டாருங்க" என்றார் வாட்ச்மேன், வெகு மரியாதையாக. "ஒருத்தரு வந்தாருங்க. நாலு மாசம் பாத்தாரு, தங்கமான மனுசன். மாத்திப்போட்டாங்க. அப்புறம் ஆளே போடலீங்க. அவரு சேரும் எக்ஸ்ரே ரூமுக்குப் போயிருச்சுங்க."

"அப்போ இவங்க எல்லாம்?"

"திங்கக்கெழமைன்னா வந்துருவாங்க. சித்த நேரம் ஒக்காந்திருப்பாங்க, போயிருவாங்க. நாம்போயி எப்படி இருக்கறீங்கன்னு கேப்பேனுங்க. அதுவே கொஞ்சம் தேவலையா இருக்குதுங்களாம்."

நானும் அவர்களோடு உட்கார்ந்தேன். ஒரு அம்மாள் தன் மகளுக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்தாள். எல்லோரும் பூட்டிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேப்பமரக் காற்று சிலுசிலுவென்று வந்தது, நான் தூங்கிவிட்டேன். தூக்கத்தில் அந்தக் கதவு திறந்தது, உள்ளே நல்ல வெளிச்சமாக இருந்தது, யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். விழித்தபோது பெஞ்சில் நான் மட்டும்தான். வாட்ச்மேன் எனக்காக ஒரு தம்ளர் டீயைத் தட்டு போட்டு மூடி வைத்திருந்தார்.

அன்று மாலை அம்மாபேட்டை வழியாக நடந்து கன்னியர் மடத்துக்குப் போனேன், அங்கே தங்க இடம் கொடுத்தார்கள். தெரு முழுவதும் தறிச் சத்தம். வீட்டுக்கு வீடு ஒரே தாளம், ஆனால் சேர்ந்து போகாத தாளம். அதைக் கேட்டுக்கொண்டே மறுபடி தூங்கினேன். இப்படித் தூங்கி எத்தனை வருடம் ஆயிற்று என்று நினைத்தபோது வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது. பிறகு கிணறு ஞாபகம் வந்தது.

செவ்வாய்க்கிழமை பஸ். நாச்சிமுத்துவின் அட்டையில் வீட்டு விலாசம் இல்லை, திருச்செங்கோட்டில் ஒரு லாரி ஆபீசின் விலாசம்தான் இருந்தது. பாதி வழியில் டயர் வெடித்தது. மாற்று டயரிலும் காற்று இல்லை என்பதைக் கண்டக்டர் ஒரு விசேஷ அறிவிப்புப் போலச் சொன்னார். எல்லோரும் இறங்கினோம். யாரும் கோபப்படவில்லை, எங்கள் ஊராக இருந்தால் இந்நேரம் டிரைவரின் பரம்பரையே வெளியே வந்திருக்கும்.

சாலை ஓரத்தில் ஒரு சேகோ ஃபேக்டரி. மரவள்ளிக் கிழங்கை அரைத்து ஜவ்வரிசி செய்யும் இடம். ஏக்கர் கணக்கில் சிமெண்டுக் களம், அதன் மேல் முழுக்க வெள்ளை மாவு காய்ந்துகொண்டிருந்தது. வெயிலில் அதைப் பார்க்கவே கண் கூசியது. நடுவில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வெறுங்காலோடு மாவைக் கிளறிக்கொண்டே நடந்தார்கள். காற்று அடிக்கும்போதெல்லாம் வெள்ளைப் புகை எழுந்து அவர்கள் இடுப்புவரை மறைத்தது, பாதி உடம்போடு மிதந்துபோவது போல இருந்தது. நான் விழித்திருக்கிறேனா என்று கையைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த ஒரு அம்மாள் மடியிலிருந்து வேகவைத்த கடலைக்காயை அள்ளி என் கையில் வைத்தாள்.

"எந்தூருங்க அம்மிணி?"

"தூத்துக்குடி. இப்போ மெட்ராஸ்."

"அத்தாந்தொலவிருந்து ஒறம்பரை பாக்கவா வந்தீங்க?"

ஒறம்பரை என்றால் விருந்தாளி, சொந்தக்காரர். ஆமாம் என்றேன். இரண்டு வருடமாக மாதா மாதம் எடை எழுதியிருக்கிறேன், சொந்தம் இல்லாமலா?

லாரி ஆபீசுக்குப் போய்ச் சேரும்போது மத்தியானம். வாசலில் நின்ற லாரிக்கு அடியில் இரண்டு கால்கள் நீட்டியிருந்தன. "நாச்சிமுத்துங்கிறவரைத் தெரியுமா?" என்று அந்தக் கால்களைக் கேட்டேன். ஆள் சறுக்கிக்கொண்டு வெளியே வந்தார். கறுத்த, ஒல்லியான மனிதர், நெற்றியில் விபூதி, அதன் மேல் கிரீஸ். என்னைப் பார்த்ததும் "நர்சம்மாங்களா!" என்று சொல்லிவிட்டு, வந்த வழியே லாரிக்கு அடியில் போய்விட்டார்.

பார்த்ததுமே தெரிந்தது, ஐம்பத்தாறு கிலோ.

அவர் டிரைவர் செங்கோடன். மறுபடி வெளியே கொண்டுவர ஒரு சோடா குடிக்கும் நேரம் ஆயிற்று. போலீசை அழைத்து வரவில்லை என்று சத்தியம் செய்து கொடுத்தேன். மெல்ல மெல்லக் கதை வந்தது. நாச்சிமுத்துவும் அவரும் ஒரே ஊர். சேலத்தில் பிரிவு திறந்ததும் நாச்சிமுத்துவின் மனைவி மெட்ராஸுக்கு வருவதை நிறுத்தி, அவரைச் சேலத்துக்கே அழைத்துப் போயிருக்கிறாள். அது பூட்டிய பிறகு மறுபடி மெட்ராஸ்தான் கதி. ஆனால் அதற்குள் நாச்சிமுத்து வண்டியில் ஏறவே பயப்பட ஆரம்பித்திருந்தார். செங்கோடன் வாராவாரம் மெட்ராஸுக்கு லோடு அடிப்பவர். மாத்திரை வாங்கி வருகிறேன் என்று அட்டையை வாங்கிக்கொண்டார். ஆள் நேரில் வந்தால்தான் மாத்திரை என்று ஆஸ்பத்திரியில் சொன்னதும், வரிசையில் நின்று "நாந்தானுங்க நாச்சிமுத்து" என்று சொல்லிவிட்டார்.

"போன வாரம் எனக்குப் பம்பாய் லோடுங்க. அதான் நம்ம ஆறுமுகத்த அனுப்பிச்சேன். அவன் கொஞ்சம் ஒடம்புங்க."

"கொஞ்சமா?" என்றேன்.

நாச்சிமுத்துவின் ஊருக்குச் செங்கோடனின் லாரியிலேயே போனேன். லாரியின் முன் இருக்கையில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. ராஜாங்கமே கையில் வந்தது போல இருந்தது. கடலைக் காடு, சோளக் காடு, பனைகள், தூரத்தில் சும்மா வைத்துவிட்டுப் போன மாதிரி ஒற்றை ஒற்றையாகக் கரடுகள், மொட்டைக் கல் குன்றுகள். எல்லாம் என்னை நோக்கி மெதுவாக வந்து விலகிப் போயின. வழியில் புது லாரிச் சட்டங்கள் சில எதிரே வந்தன. கூண்டு இல்லை, கதவு இல்லை. வெறும் எஞ்சினும் சக்கரமும், அதன் மேல் ஒரு பலகையில் தலைப்பாகையும் கண்ணாடியும் போட்ட டிரைவர் காற்றிலேயே உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு போனார். கூண்டு கட்ட நாமக்கல்லுக்குப் போகிறதாம்.

தூக்கம் வராமல் இருக்கப் பேச்சுக் கொடுத்தேன். "டாக்டர் எப்படி இருக்கீங்கன்னு கேட்டப்பெல்லாம் நல்லாருக்கேன்னு சொன்னீங்களே. நாச்சிமுத்து எப்படி இருக்கார்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க. மாத்திரய ரோட்டோரத்து டீக்கடையில குடுத்துப்போட்டுப் போயிருவேன். பாவாயி வந்து வாங்கிக்கும். நான் ஊருக்குள்ள போயி வருசம் ஆச்சுங்க."

"பின்னே தெரியாதுன்னு சொல்லியிருக்கலாமே?"

செங்கோடன் கியரை மாற்றினார். "அம்மிணி, நான் அவன் பேர்ல நிக்கிறேன். அவன் பேரச் சொல்லிக்கிட்டு நல்லால்லேன்னு சொல்ல வாய் வருமுங்களா? சொன்னா அவனுக்குப் பலிச்சுப்போச்சுன்னா? எம்பேருன்னாக்கூட பரவால்லீங்க. அடுத்தவன் பேருல்ல. நல்லாருக்கறேன், நல்லாருக்கறேன்னு சொல்லச் சொல்ல அங்க அவன் நல்லாயிருவான்னுதான் நெனச்சேனுங்க."

இரண்டு வருடமாக இந்த மனிதர் மாதம் ஒரு முறை முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் தாண்டி வந்து, வரிசையில் நின்று, ஒரு சிநேகிதனை வாழ்த்திவிட்டுப் போயிருக்கிறார். அவர் வாழ்த்த வாழ்த்த நாங்கள் மாத்திரையைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறோம். திட்டுவதற்குத் தயாராக வந்திருந்தேன், யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.

"மாத்திரை கொறஞ்சது நீங்க நல்லாருக்கேன்னு சொன்னதாலதான்" என்று மட்டும் சொன்னேன். லாரி ஒரு முறை உலுக்கி நின்றது. அவர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்த பிறகுதான் வண்டியை எடுத்தார்.

"இன்னும் மூணு அட்டை இருக்குதுங்க எங்கிட்ட" என்றார் பிறகு, ரோட்டைப் பார்த்தபடியே. "டீக்கடையில குடுத்துட்டுப் போன அட்டைங்க. வியாழனுக்கு ஒண்ணுன்னு காட்டுவேன்." ஒரே முகம் நான்கு பெயரில் என் முன்னால் வந்து நின்றிருக்கிறது. நான் தராசைத்தான் பார்த்திருக்கிறேன்.

பொழுது சாயும் நேரத்தில் ஊர் வந்தது. லாரியை ரோட்டில் விட்டுவிட்டு வரப்பில் நடந்தோம். தோட்டத்துக்கு நடுவே ஓட்டு வீடு. கிட்டப் போனபோது முகத்தில் ஏதோ இழைந்தது. நூல். வாசற்படியிலிருந்து வேப்பமரத்துக்கு, மரத்திலிருந்து மாட்டுக் கட்டுத்தறிக்கு, அங்கிருந்து வேலிக்கு, வெள்ளை நூல் குறுக்கும் நெடுக்குமாக ஓடிக்கொண்டிருந்தது. சாயங்கால வெயில் பட்டதால் வாசல் முழுக்க மினுங்கியது. காற்றில் எல்லா நூலும் அதிர்ந்து மெல்லிய ஒரு ஓசை வந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அழகாக இருக்கிறதே என்று நினைத்ததற்காக என் மேலேயே கோபம் வந்தது.

பாவாயி குனிந்து குனிந்து நூலுக்கு அடியில் வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும், கண்ணுக்குக் கீழே கருப்பு. நான் யாரென்று செங்கோடன் சொன்னதும், "ஊட்டுக்கு வாங்க" என்று அழைத்து முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தாள். பிறகுதான் பேசினாள்.

"பள்ளிபாளையத்துல தறி ஓட்டுனவருங்க. எழை அறுந்தா அறுந்ததக் கட்டோணும், அதான வேலை. இப்ப எங்க பாத்தாலும் எழை அறுந்து கெடக்குதுங்கறாரு. மாத்திரை மூணா இருந்தப்ப இதெல்லாம் இல்லீங்க. ரெண்டானப்ப வாசல்ல நாலு எழை. ஒண்ணானப்ப மரம் வரைக்கும் போச்சு. இப்ப..."

அவள் கை காட்டிய பக்கம் பார்த்தேன். கிணறு. சுற்றுச்சுவர் இல்லாத பெரிய தோட்டக் கிணறு. அதன் மேல் இக்கரைக்கும் அக்கரைக்கும் நூல் ஓடியிருந்தது. விளிம்புக் கல்லில் ஒரு மனிதர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கிணற்றுப் பக்கமாகக் கையை நீட்டி, அறுந்த ஒரு நுனியைக் காற்றிலிருந்து பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எத்தனையோ மாதமாக எழுதிவந்த பெயரின் ஆளை அப்போதுதான் முதல் முதலாகப் பார்த்தேன்.

"இப்படி இருக்கும்போது நீங்க ஏன் சொல்லி அனுப்பலை?" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"மெட்ராசு டாக்டரே நல்லாருக்குதுன்னு சொல்லிப்போட்டாருன்னு சொன்னாங்க. மாத்திரை கொறையக் கொறைய, நமக்குத்தான் பாக்கத் தெரியிலியாட்ட இருக்குதுன்னு நெனச்சேனுங்க. படிச்சவங்க கண்ணுக்கு நல்லாத் தெரியறது எங்கண்ணுக்குத் தெரியிலீன்னா, கோளாறு என்ற கண்ணுலதான?"

செங்கோடன் இதைக் கேட்டுவிட்டு வேலிப் பக்கம் போய் நின்றார். நானும் போயிருப்பேன், போக இடம் இல்லை.

கம்பஞ்சோறும் மோரும் சின்ன வெங்காயமும் கொடுத்தாள். பசிக்கு அமிர்தம். படுக்கப் போகும்போது தன் கால் விரலில் ஒரு நூலைக் கட்டி, மறு நுனியை நாச்சிமுத்துவின் அரைஞாணில் கட்டினாள். நூல் பட்டென்று அறுந்துவிடுமே என்றேன். "அறுந்தா அவரே நின்னு கட்டுவாருங்க. கட்டாம ஒரு அடி எடுத்து வெக்கமாட்டாரு. அதுக்குள்ள நான் முழிச்சுக்குவேன்" என்றாள். எத்தனையோ வருடம் நான் வேலை பார்த்த வார்டுகளில் இப்படி ஒரு காவலை யாரும் கண்டுபிடித்ததில்லை.

புதன்கிழமை காலை. அரிசியும் பருப்பும் சேர்த்து வேகவைத்த சோறு, மேலே நெய். இந்தப் பக்கத்துச் சாப்பாட்டில் ஆர்ப்பாட்டம் கிடையாது, ஆனால் எழுந்திருக்க மனம் வராது. எழுந்தாக வேண்டும், மத்தியான ரயிலைப் பிடிக்க வேண்டும். நாச்சிமுத்துவிடம் போய் நான் பேசினேன், செங்கோடன் பேசினார். வண்டி என்ற சொல்லைக் கேட்டதும் அவர் கிணற்று விளிம்புக்கே போய்விட்டார். கையைப் பிடித்து இழுக்கலாம், இழுக்கிற இடமா அது?

பாவாயிதான் வழி கண்டுபிடித்தாள். உள்ளே போய் நூல் கண்டை எடுத்து வந்தாள். வேப்பமரத்தில் ஒரு நுனியைக் கட்டி, வரப்பு நெடுக நூலை விட்டுக்கொண்டே ரோடு வரை நடந்து, லாரியின் முன் கதவுக் கைப்பிடியில் மறு நுனியைக் கட்டினாள். வரும் வழியில் பத்தடிக்கு ஒரு முறை தன் கையாலேயே நூலை அறுத்துவிட்டு வந்தாள். பிறகு கிணற்றுக்கு இந்தப் பக்கமே நின்று வரப்பைக் காட்டி, "ஏனுங்க, இக்கட்டப் பூரா அறுந்துபோச்சுங்க. வந்து கட்டுங்க" என்றாள்.

அவர் திரும்பிப் பார்த்தார். எழுந்து வந்தார். ஒன்றைக் கட்டினார், நடந்தார், அடுத்ததைக் கட்டினார். நாங்கள் மூன்று பேரும் பின்னாலேயே போனோம். சுத்தமான முடிச்சுகள், என் தையலைவிட நேர்த்தி. ஒரு பர்லாங்கு தூரத்துக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. கடைசி முடிச்சு கதவுக் கைப்பிடியில். அதையும் போட்டுவிட்டு, உள்ளே இருக்கையில் இருந்த நூல் கண்டைப் பார்த்து, அதை எடுக்க ஏறினார். செங்கோடன் கதவை மெதுவாக, சத்தமே இல்லாமல் சாத்தினார்.

சேலத்தில் பாவாயியையும் சேர்த்து எங்கள் மூன்று பேரையும் ரயிலேற்றிவிட்டு, "நாளைக்கு நானும் அங்க இருப்பேனுங்க, லோடு இருக்குது" என்றார்.

ரயிலில் நாச்சிமுத்து என்ன செய்வாரோ என்று பயந்துகொண்டே இருந்தேன். வண்டி நகர்ந்ததும் அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். தண்டவாளத்தை ஒட்டித் தந்திக் கம்பிகள் ஏறி இறங்கி, ஏறி இறங்கிக் கூடவே வந்துகொண்டிருந்தன. ஐந்தாறு கம்பிகள். அவர் முகம் நெகிழ்ந்தது.

"பாவாயி, ஒண்ணுகோட அறுவுலீல்ல" என்றார்.

"இல்லீங்க. எல்லாம் நல்லா ஓடுதுங்க" என்றாள் பாவாயி. ஜோலார்பேட்டைக்கு முன்பே அவர் அவள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். ஆறு நாளுக்குப் பிறகு முதல் தூக்கமாம். எதிர் இருக்கையில் நான் விழித்திருந்தேன். மூன்று நாளும் தூங்கி வழிந்தவளுக்கு அந்த மத்தியானத்தில் மட்டும் தூக்கம் வரவில்லை.

வியாழக்கிழமை. தராசில் நாச்சிமுத்து ஏறி நின்றார். நாற்பத்தைந்து. அந்த அட்டையில் இரண்டு வருடத்துக்குப் பிறகு எழுதிய முதல் நிஜ எடை அது. எழுதும்போது முகத்தைப் பார்த்தேன். பின்னால் வரிசை வாசலைத் தாண்டி மரத்தடி வரை நின்றது. டாக்டர் கையில் பேனாவோடு நிமிர்ந்தார். அவர் கண்ணும் சிவந்திருந்தது, மூன்று நாளாக என் வேலையையும் அவர்தான் பார்த்திருந்தார்.

"எப்படி இருக்கீங்க நாச்சிமுத்து?"

நாச்சிமுத்து பெரிய இடத்தில் நிற்கும் மரியாதையோடு கையைக் கட்டிக்கொண்டார். விரல்கள் அப்போதும் இல்லாத நூலை முறுக்கிக்கொண்டிருந்தன.

"நல்லாருக்கறேனுங்க" என்றார்.

பழக்கதோஷத்தில் டாக்டரின் பேனா காகிதத்தை நோக்கிப் போனது. நான் வாயைத் திறந்தேன். நான் சொல்வதற்கு முன் எனக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"இல்லீங்க." செங்கோடன் வரிசையை விலக்கிக்கொண்டு முன்னால் வந்திருந்தார். தலையில் கட்டியிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். சொல்வதற்கு அவர் பட்ட பாட்டைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. "நல்லால்லீங்க. நாச்சிமுத்து நல்லால்லீங்க. நான் பாத்தேனுங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். பாவாயியை அழைத்து நாற்காலியில் உட்காரச் சொல்லி, எல்லாவற்றையும் அவளையே கேட்டார். நூலை, கிணற்றை, மாத்திரை குறைந்த ஒவ்வொரு மாதத்தையும் அவள் சொல்லச் சொல்ல எழுதினார். மூடிய அட்டையை அடித்துத் திருத்தி மூன்று மாத்திரை என்று போட்டு, வார்டில் பத்து நாள் இருக்கட்டும் என்றார். படுக்கை இல்லையே சார் என்றேன். தரையில் ஒரு படுக்கை போடுங்க சிஸ்டர் என்றார்.

செங்கோடன் போகவில்லை. சட்டைப் பையிலிருந்து, கிரீஸ் படிந்த மூன்று அட்டைகளை எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தார்.

"இவங்களயும் நல்லாருக்கறாங்கன்னு சொல்லிப்போட்டேனுங்க" என்றார். "இவங்க மொகத்தக்கூட நான் பாத்ததில்லீங்க. இந்த வாரம் போயிப் பாத்துப்போட்டு, வர்ற வியாழன் வந்து சொல்றேனுங்க."

டாக்டர் அந்த அட்டைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து போய், அந்தச் சமூகப் பணியாளர் நாற்காலியில் இருந்த மேஜை விசிறியை இரண்டு கையாலும் தூக்கித் தரையில் இறக்கி வைத்துவிட்டு, "உட்காருங்க" என்றார்.